படகில் ஓர இடம்

வழுக்கை மின்னும் என் வீட்டுக்காரருக்கு,

உங்களைத் தேடி பாங்காக் வந்தவள் ஒரு படகு ஜனத்தையே குளிப்பாட்டிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

கால்வாய்ப் படகில் ஓரமாக உட்கார்ந்தவர்தான், எதிரே படகு வந்தால் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்திப் பிடிக்க வேண்டுமாமே? நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். ப்ரதூநாம் துறையில் உங்கள் முதுகு மாதிரியே ஒரு முதுகு. கயிற்றை விட்டுவிட்டேன். சாக்கடைத் தண்ணீர் எல்லார் மேலும் அடித்தது.

"ஏம்மா, சொங்க்ரான் தண்ணித் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கே, இப்பவே ஊத்துறியா?" என்றாள் ஒருத்தி.

"எங்க ஊர்ல கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிடுவோம்க்கா" என்றேன். படகே சிரித்தது. அந்த முதுகும் திரும்பியது. வேறு யாரோ.

உங்கள் அறையிலும் வேறு யாரோதான் இருக்கிறார்கள். சந்து முனையில் பப்பாளிக்காய் இடித்து விற்கிற புவா அக்காவிடம் கேட்டேன். "இருக்கிற இடம் தெரியும்டி. நீ அங்க போகாத" என்று சொல்லி, ஒட்டரிசிச் சோறு கட்டிக் கொடுத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பசி.

இந்தச் சொங்க்ரான் புத்தாண்டுக்காவது வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்கத்தான் வந்தேன். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

காலையில் எனக்கு ரயில். பக்கத்து இடத்தில் மூட்டையை வைத்து, கேட்பவர்களிடம் ஆள் வருகிறது என்பேன். வண்டி நகர்ந்ததும் எடுத்துவிடுவேன். நின்றுகொண்டு வருகிறவர்கள் பாவம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்டாட்டி