பழைய காலண்டரும் இரண்டு ஷிப்டும்

மார்ச் 3, செவ்வாய்

குட்டியைப் பள்ளிக்கூடத்திலேயே மறந்துவிட்டோம். அவர் அழைத்து வருவார் என்று நான் லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் போவேன் என்று அவர் ஹோட்டல் சமையலறையில் கரண்டியும் கையுமாக இருந்திருக்கிறார். கடைசியில் டீச்சர் போன் செய்தார். குட்டி அழவில்லை. "ரெண்டு பேரும் மறந்துட்டீங்களா, இல்ல ஒருத்தர்தானா?" என்று விசாரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

விஷயம் நாத்தனார் காதுக்கு எப்படிப் போனதோ. "ரெண்டு பேரும் ஷிப்ட்ல ஓடினா இப்படித்தான் ஆகும். ஒருத்தராவது வீட்ல இருக்கணும்ல?" அந்த ஒருத்தர் யாரென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? இன்னொரு தடவை இப்படி நடந்தால் என் வேலைக்குத்தான் வேட்டு.

மார்ச் 5, வியாழன்

நான் சொன்ன வழி: இரண்டு போனிலும் ஒரு புது ஆப். அவர் சொன்ன வழி: ஹால் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய காலண்டர் புரோகிராம். குட்டி பிறப்பதற்கு முன்பே அதைச் செய்தவர்கள் கைகழுவிவிட்டார்கள். முழுக்கச் சாம்பல் நிறம். நேரம் வந்தால் ஆளில்லாத ஹாலில் 'டொய்ங்' என்கிறது.

"யாருக்கு ஞாபகப்படுத்துது? சோபாவுக்கா?"

"இன்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். சிலர் மாதிரி நைநைன்னு அரிக்கவும் அரிக்காது."

அந்தச் சிலர் இன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

மார்ச் 7, சனி

என் புது ஆப் காலையில் எழுப்பி, "இன்று எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டது. பல் தேய்த்ததற்குப் பாராட்டியது. அவரைச் சேர்க்கப் பார்த்தால் அவருடைய போன் பழசு, முடியாது என்று கையை விரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேனே!

சரி, சாம்பல் காலண்டரே. ஒரு வாரம் பார்ப்போம்.

மார்ச் 11, புதன்

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நேற்று நான் காலண்டரைத் திறந்து, மூடாமல் குளிக்கப் போயிருக்கிறேன். அது தெரியாமல் அவர் இன்னொரு தடவை திறந்து, 'புதன் எனக்கு ஷிப்ட் மாறிவிட்டது, குட்டியை நீ கூட்டி வா' என்று எழுதி சேவ் செய்திருக்கிறார். நான் வந்து என்னுடையதைச் சேவ் செய்தேன். யார் கடைசியில் சேவ் செய்கிறாரோ அவர் எழுதியதுதான் நிற்குமாம். மற்றவருடையது காலி. என்ன ஜென்மமோ அது!

இன்று மறுபடியும் குட்டியை அழைக்க யாரும் போகவில்லை. டீச்சர் ஹோட்டலுக்குப் போன் செய்ய, இவர் ஏப்ரனோடு ஓடியிருக்கிறார். செஃப் காய்ச்சி எடுத்துவிட்டாராம். குட்டிக்கு மட்டும் ஒரே பெருமை, அப்பா வேஷம் போட்டுக்கொண்டு வந்தாரென்று.

கத்தினேன். "தூக்கிக் குப்பைல போடுங்க அத! அதுக்கு முன்னாடி நான் வேலைய விட்டுடறேன், எல்லாரும் நிம்மதியா இருங்க." விட மனசு வருமா? வராது. அவருக்கும் தெரியும். எழுந்து போய்விட்டார்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி. "தனித்தனியா எழுதினாத்தான அழிக்குது? சேர்ந்து எழுதுவோம். நீ சொல்லு, நான் அடிக்கறேன்."

அவர் ஒற்றை விரலால் தட்டுவதற்குள் எனக்கு நரைத்துவிடும்போல இருந்தது. ஆனால் ஒன்று தெரிந்தது. வியாழன் காலை இரண்டு பேருக்குமே வேலை இல்லை. குட்டியும் பள்ளியில். இத்தனை நாள் அதைக் கவனிக்கவே இல்லை, ஆளுக்கொரு மூலையில் தூங்கித் தீர்த்திருக்கிறோம். அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று தாடையைச் சொறிந்துவிட்டு 'பொண்டாட்டி' என்று அடித்தார்.

மார்ச் 19, வியாழன்

டொய்ங்.

ஏப்ரல் 12, ஞாயிறு

லேபில் காலைப் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடப் போகிறார்கள். தினமும் காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை. குட்டியை அழைத்துவர ஒரு நாளும் என்னால் முடியாது. இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, இன்று நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். வேண்டாமென்று சொல்லிவிடவா என்றும் கேட்டேன்.

அவர் காலண்டரில் அடுத்த மாதத்தைத் திறந்தார். தன் ஷிப்டுகளை ஒவ்வொன்றாக இரவுக்கு மாற்றினார். "செஃப்கிட்ட பேசிட்டேன். உங்க லேப்காரங்க முந்தாநாளே என்கிட்ட உளறிட்டாங்க." பிறகு பள்ளி விடும் நேரத்துக் கட்டங்களில், திங்கள் தொடங்கி வரிசையாக, அதே ஒற்றை விரலால் 'அப்பா', 'அப்பா' என்று அடித்துக்கொண்டே போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சேவ் பண்ணட்டுமா?"

"இருங்க," என்றேன். "ஒரு தடவை படிச்சுக்கறேன்."