சீர்படுத்து: சீட்டும் பாவும்

ஐப்பசி 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடம் பாதி காலி. சேலத்து அகராதிப் புலவர், சொல்லுக்கு ஒன்றாக எழுதித்தரச் சீட்டுக் கட்டு அனுப்பியிருக்கிறார். இந்த வாரம் என் பங்கு ‘சீர்படுத்து’. பொருள், வழக்கு, எடுத்துக்காட்டு ஒன்று.

பாவாயிக்குக் காய்ச்சல், ஒன்பதாம் நாள். கஞ்சி இரண்டு வாய். வைத்தியர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தறியில் எங்கள் மகளின் வளைகாப்புச் சேலை பாதியில் நிற்கிறது. “அதை மட்டும் நெய்து முடிச்சறோணுமுங்க” என்கிறாள். வேறு ஆசையில்லையாம்.

செவ்வாய்

வாங்க: சுக்கு, மண்ணெண்ணெய், மை.

பொருள் எழுதியாயிற்று: கலைந்ததை ஒழுங்குக்குக் கொண்டுவருதல். வழக்கு: படையை, தலைமுடியை, வழியை.

மாலையில் தறியைத் துடைத்தேன். அவள் எழுந்தால் சுத்தமாக இருக்கட்டுமே. நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் இரண்டு குச்சிகள், ஒரே தூசி. உருவித் துடைத்து மூலையில் சாத்தினேன். திருப்தி.

புதன்

பக்கத்து வீட்டு மாரக்கா, அவளும் நெசவுதான், பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “குச்சியை ஏனுங்க வாத்தியாரே உருவுனீங்க? எந்த இழைக்கு அடுத்தது எந்த இழைன்னு அதுதானுங்க புடிச்சு வெச்சிருக்கும்!”

நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. இருபது வருஷமாக அந்தத் தறிச் சத்தத்தில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதியவன். குச்சி எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கம். பாவாயியிடம் சொல்லவில்லை. பயம்.

வியாழன்

சொல்லிவிட்டேன். அழுதேன்.

“தெரியுமுங்க. நீங்க உருவுன சத்தம் கேட்டுது. ஆசையாத் தொடைக்கறீங்களேன்னு உட்டுட்டேன்.”

பிறகு படுத்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். “மிதியை அமுக்குங்க. இழை ரண்டாப் பிரியுதுங்களா? அந்தச் சந்துல ஒரு குச்சி. இப்ப அடுத்த மிதி. இன்னொரு குச்சி. ஒட்டுன நூலை இழுக்காதீங்க, நீவி உடுங்க.” தறிக்குழியில் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. மதியம் முழுக்க ஆயிற்று. நடுநடுவே மூச்சு வாங்கி நிறுத்தினாள். காத்திருந்தேன்.

“சீராயிருச்சுங்களா?”

“ஆயிருச்சு.”

“இழை அறுந்துதுங்களா?”

“ஒண்ணுகூட இல்லை.”

கண்ணை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு

வெள்ளி காலையில் போய்விட்டாள். மழை விட்டபின் எடுத்தோம். மகள் வந்திருக்கிறாள், தறிப் பக்கம் போகவில்லை. மீதியை நெய்து தருவதாக மாரக்கா சொன்னாள். பாவைத் தடவிப் பார்த்து, “பாவாயி கைதான்” என்றாள்.

சீட்டு தாமதம். எடுத்துக்காட்டு மட்டும் பாக்கி. எழுதினேன்:

‘அவள் படுத்தபடியே பாவைச் சீர்படுத்தினாள்.’

சீட்டில் யார் வாக்கு என்று கேட்கும் கட்டத்தில் அவள் பெயரைப் போட்டேன். புலவர் அதை அடித்தால் அடிக்கட்டும்.