நாலு மணிப்பூவை நம்பிய பள்ளிக்கூடம்

அக்கா,

இன்று மதியமே வானம் மூடிக்கொண்டது. பள்ளி வேலியோரம் நீங்கள் ஊன்றிய அந்திமந்தாரைகள் பொழுது சாய்ந்துவிட்டதென்று நினைத்து, பாதிப் பாடம் நடக்கும்போதே விரிந்துவிட்டன. அந்த மணம் சன்னல் வழியே வந்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். உங்களைப் பற்றித் தொடங்கினால் பாடம் நடக்காது என்று வேலிப் பக்கம் கை காட்டிவிட்டு எழுத்தைத் தொடர்ந்தேன்.

கர்நாடக எல்லையோரம் தளிக்குப் பக்கத்து இந்தப் பள்ளிக்கு நான் பர்கூரிலிருந்து வந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு தகரப் பெட்டியும் தாவரவியல் பட்டமும்தான். கல் உடைக்கிற வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வகுப்பில் பேசினால் இரண்டாம் வரிசைக்கே கேட்காது. நீங்கள் கன்னடப் பிரிவின் ஆசிரியை. நம் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஒரு தடுப்புதான்; அதற்கு அந்தப் பக்கம் நீங்கள் பேசுவது என் வகுப்புக்கும் சேர்த்துக் கேட்கும்.

வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வேலியோரத்து இந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டீர்கள். "இது எங்களுக்கு சஞ்சே மல்லிகே. நீ என்னா சொல்லுவ?"

"அந்திமந்தாரை."

"சஞ்சேன்னாலும் அந்திதானே. பாதிப் பேர் ஒண்ணாப் போச்சு. மீதிக்கு மல்லிகையும் மந்தாரையும் அடிச்சிக்கட்டும்."

இது மல்லிகையும் இல்லை, மந்தாரையும் இல்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த செடி. புதிதாக வந்ததைப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பூவின் பெயரை வைத்துக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று மெல்லச் சொன்னேன்.

"உன்னாட்டமேதான்" என்றீர்கள். "வந்த ஊர்ல யாரையும் தெரியாம நிக்குது. ஆனா அது சாயங்காலமாச்சும் வாயைத் தொறக்குது."

பள்ளிக்குத் தண்ணீர் எடுத்து வரும் அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தன் வீட்டுத் தெலுங்கில் அதற்குச் சந்திரகாந்தா என்று பெயர் என்றார். சந்திரனுக்குப் பிரியமானது. மூன்றிலும் அதுவே அழகு என்று நாம் ஒப்புக்கொண்டோம். இங்கிலீஷில் என்ன என்று கேட்டீர்கள். நாலு மணிப்பூ என்றேன். உங்களுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"பூவுக்கும் மணி பாத்திருக்கான் பாரு வெள்ளைக்காரன்."

பள்ளிக் கடிகாரம் பழுதுபார்க்க ஓசூர் போய்த் திரும்பாமல் இருந்த காலம் அது. மறுநாளிலிருந்து நீங்கள் பூ விரிந்ததும் கடைசி மணி அடிக்கத் தொடங்கினீர்கள். வெயில் காலம் முழுக்க அது பிசகவில்லை. தலைமையாசிரியரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் கடிகாரம் கிடையாது.

அப்புறம் அந்த ஆடி மாதத்து நாள். தலைமையாசிரியர் விடுப்பு. காலையிலிருந்தே மழைக்கருக்கல். பூ விரிந்தது, நீங்கள் மணி அடித்தீர்கள், பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டிருக்கையில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் அம்மா. உங்கள் தற்காலிக வேலை நிரந்தரமாவது அவர் எழுதும் குறிப்பில்தான் இருந்தது. அவர் வருகைக்காக நீங்கள் மாதக்கணக்கில் காத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

"பிள்ளைங்க எங்கே?" என்று கேட்டுத் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை.

எதற்கும் பதில் வைத்திருக்கும் நீங்கள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றீர்கள். கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. யாரோ பேசுவது கேட்டது. பேசியது நான். கடிகாரம் ஓசூர் போனது, நாம் பூவைப் பார்த்து மணி அடிப்பது, அதற்கு இந்த ஊரில் வழங்கும் பெயர்கள், அவற்றின் பொருள் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி பேச வராது என்ற பயத்தில் மூச்சே விடவில்லை.

அந்த அம்மா வேலியோரம் போய்ப் பூவைப் பார்த்தார். "அப்போ நம்ம ஜனங்க யாரும் இதுக்கு மணி குறிக்கலை."

"இல்லைங்கம்மா. அந்தி, சஞ்சேன்னுதான் வெச்சாங்க. வெளிச்சம் மங்கினா இதுக்கு அந்திதாங்கம்மா. இங்கிலீஷ் பேரு ஒண்ணுதான் மணி சொல்லுது. நாங்க அதைப் போயி நம்பிட்டோம்."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று அப்போது புரியவில்லை. "போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. பாடம் நடக்கிறதைப் பார்க்காம நான் போக மாட்டேன்."

நீங்கள் ஏரிக்கரைமேல் ஏறிக் கூப்பிட்டீர்கள். கன்னடத்தில் பன்னி, தமிழில் வாங்க, தெலுங்கில் ரண்டி என்று மூன்று மொழியிலும். பிள்ளைகள் களி தின்ற கையைக் கழுவாமல் வந்தார்கள். ஒருத்தி கன்றுக்குட்டியோடு வந்தாள். அன்று நீங்கள் நடத்திய பாடத்தை அந்த அம்மா கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். பின்னர் உங்கள் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. கூடவே ஒரு புதுக் கடிகாரமும் வந்தது.

அன்று ஜீப் போனபின் என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "ஏ பி.எஸ்ஸி., இத்தினி பேச்சை எங்கே ஒளிச்சி வெச்சிருந்தே?"

அதன்பின் நாம் சேர்ந்து வேலை செய்தது கொஞ்ச காலம்தான். விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனதை இங்கே எழுதப்போவதில்லை. அது இல்லாமலே நினைத்துக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது. உங்கள் பிரிவுக்கு வந்தவர் உங்களைவிட மெல்லப் பேசுகிறார். இப்போது தடுப்பைத் தாண்டிக் கேட்பது என் குரல் என்று குறைப்பட்டுக்கொள்கிறார்.

உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. எந்தச் செடியைக் காட்டினாலும் பெயர் சொல்வதற்கு முன், உங்கள் வீட்டில் இதை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று கேட்கிறேன். இன்றும் அந்தப் பூவைப் பறித்து வந்து கேட்டேன். பழைய பெயர்கள் வரிசையாக வந்தன. வளையல் வியாபாரியின் மகள், போன வாரம் சேர்ந்தவள், இதுவரை வாய் திறக்காதவள், "குல் அப்பாஸ்" என்றாள். வீட்டில் உருது பேசுகிறவர்கள்.

"அப்படின்னா என்ன?"

"அப்பாஸோட பூ, டீச்சர்."

"யார் அந்த அப்பாஸ்?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். "எங்க மாமு. சூளகிரில இருக்காரு."

நான் திருத்தவில்லை, அக்கா. நீங்கள் இருந்திருந்தால், அவ்வளவு தூரத்திலிருந்து கப்பலில் பூ கொண்டுவந்த அந்த மாமுவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமையே சூளகிரிக்கு பஸ் ஏறியிருப்பீர்கள். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள்.