ஏழு கிரகங்களும் செயலாளர் பெயரும்

என் முத்துலட்சுமி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இப்போது சொல்லப்போகும் செய்தி உனக்குப் பிடிக்காது.

மும்பை சுனாபட்டியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து வந்து, சமையல் மேடையிலேயே நோட்டை விரித்து எழுதுவாயே, அந்த டிராப்பிஸ்ட்-1 கட்டுரையைப் பற்றித்தான். நாற்பது ஒளியாண்டுக்கு அப்பால் மங்கலான ஒரு சிவப்பு நட்சத்திரம், அதைச் சுற்றி ஏழு கிரகங்கள். மிக அருகில் சுற்றும் கிரகத்துக்கு ஒன்றரை நாள்தான் ஒரு வருடம். "அங்க பொறந்திருந்தா எனக்குப் பத்தாயிரம் வயசு தாண்டிருக்கும்ட்டி" என்று சிரித்தாய்.

துக்கம் விசாரிக்க வந்த நம் தமிழ்ச் சங்கச் செயலாளர், "ஆண்டு மலர்ல போடுதோம்மா" என்று அந்த நோட்டைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன், அக்கா. அழுதுகொண்டே நன்றியும் சொன்னேன். நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

போன ஞாயிறு தாராவியில் சங்க விழா. மலரைப் பிரித்தேன். உன் கட்டுரை இருந்தது. மேலே அவர் படம், அவர் பெயர். மேடையில் அதற்கு ஒரு பொன்னாடை வேறு.

காற்று இருக்கிறதா, இன்னும் தெரியாது. தண்ணீர் இருக்கிறதா, இன்னும் தெரியாது என்று எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாய்! மலரில் ஒரு 'தெரியாது'கூட மிஞ்சவில்லை. ஏழு கிரகத்திலும் நதி ஓடுகிறதாம். நாம் போய்க் குடியேற வேண்டியதுதான் பாக்கியாம்.

மேடையிலிருந்து இறங்கியவரை மறித்தேன். "அண்ணாச்சி, இது எங்க அக்கா எழுதுனதுல்லா?"

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "விழா மலர்ல செத்தவங்க பேரு வேண்டாம்னு பாத்தேன்மா. அதுவும் பக்கத்துக்குப் பக்கம் தெரியாது, தெரியாதுன்னுல்லா எழுதி வச்சிருக்கு. நாந்தான் சரி பண்ணுனேன்."

சரி பண்ணினாராம்!

நேரே மைக்குக்குப் போனேன். "இத எழுதுனது எங்க அக்கா முத்துலட்சுமி" என்றேன். பந்தி தொடங்கியிருந்தது. நிமிர்ந்த தலைகள் மறுபடி தட்டுக்குள் குனிந்தன. "சாப்பிடுத நேரத்துல என்ன இது?" என்றது ஒரு குரல். காட்கோபரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் தட்டை வைத்துவிட்டு வந்து, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். தன் மலரில் அவர் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினாள். அத்தனை கூட்டத்தில் ஒருத்தி. உனக்கு இது போதுமா, அக்கா? எனக்குப் போதவில்லை.

மறுநாளே சங்கத்துக்குப் போய் நோட்டை வாங்கி வந்துவிட்டேன். அட்டையில் டீ டம்ளர் வைத்த வட்டம். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.

இப்போது நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் உன் பெயரில் அச்சிட்டு, அந்தச் சங்கத்து வாசலிலேயே நின்று எல்லோர் கையிலும் கொடுப்பேன். சத்தியம். முதல் பிரதி அவருக்குத்தான்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி