வேட் ப்ரூயிட் இல்லாத விண்ணப்பம்

யங்ஸ்டவுன், ஒஹையோ
செப்டம்பர் 14, 2018

அன்புள்ள திருமதி ப்ரூயிட் அவர்களுக்கு,

நலமா? உங்கள் மகன் வேடின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண் நான். இரண்டு வருடம் முன்பு உறுப்பு தான அலுவலகம் வழியாக நன்றி எழுதினேன். நீங்களும் முகவரியோடு ஓர் அட்டை அனுப்பினீர்கள். அதன் பிறகு எழுதாமல் இருந்தது என் தப்பு.

இப்போது எனக்குப் பதினேழு வயது, பள்ளியின் கடைசி வருடம். நேராக மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். கல்லூரியும் மருத்துவப் பள்ளியும் சேர்ந்து எட்டு வருடம், இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம். நடுவில் மறுபடி இடம் தேடி அலைய வேண்டாம். பன்னிரண்டு இடத்துக்கு இரண்டாயிரம் பேர் போடுகிறார்களாம். மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கிறது. “ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்?” என்ற கட்டுரைதான் ஆளைப் பிரித்துக் காட்டும் என்கிறார்கள்.

நான் வேடைப் பற்றி எழுதியிருக்கிறேன். சாலை விபத்தில் இறந்தும் எனக்கு உயிர் கொடுத்த வீரன் என்று. எங்கள் பள்ளி ஆலோசகர் டோம்பெக் படித்துவிட்டு, “இதுக்கு மேல ஒரு கதை எவன்கிட்டயும் இருக்காது பெர்னி, கண்ண மூடிக்கிட்டு அனுப்பு” என்றார். உங்களைக் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். நவம்பர் முதல் தேதி கடைசி நாள்.

என்றும் நன்றியுடன்,
பெர்னடெட் ஹுடாக்


மில்லர்ஸ் ரன், ஒஹையோ
அக்டோபர் 2, 2018

பெர்னடெட்டுக்கு,

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். காலை நடை முடித்து, வண்டியிலேயே உட்கார்ந்து உன் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதுகிறாய். ஆனால் அதில் வருகிற பையனை எனக்குத் தெரியாது.

வேட் சாலை விபத்தில் சாகவில்லை. அட்டையில் நான் எழுதியது பொய். கூரை போடும் வேலைக்குப் போனவன் ஒரு நாள் விழுந்து முதுகை உடைத்துக்கொண்டான். வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை நின்றதும் போதைத் தூளைத் தேடிப் போனான். இருபத்திரண்டு வயதில் ஒரு பெட்ரோல் பங்க் கழிவறையில் நினைவில்லாமல் கிடந்தான். மூளைச்சாவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் டாக்டர், “இந்த மாசம் இது எத்தனாவது கேஸ்ப்பா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த ‘கேஸ்’ என் பிள்ளை.

ஊருக்கு விபத்து என்றுதான் சொன்னேன். மூன்று வருடமாக அதைத்தான் சொல்கிறேன். அவன் பெயரை எழுதாதே. அவனைப் பற்றி யாரிடமும் பேசாதே. இரண்டு வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, ஒரு காரியம் ஆக வேண்டும் என்றதும் எழுதுகிறாயே என்ற வருத்தமும் எனக்கு உண்டு. அதையும் மறைக்கவில்லை.

தானத்துக்குச் சம்மதம் சொன்னது அவனேதான். ஓட்டுநர் உரிமம் எடுக்கப்போனபோது படிவத்தில் உறுப்பு தானக் கட்டத்தில் குறி போட்டுவிட்டு, “செத்தப்புறம் நான் அத வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறேன்?” என்று சிரித்தான். வாயை மூடுடா என்று திட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

லோர்னா ப்ரூயிட்


யங்ஸ்டவுன்
அக்டோபர் 15, 2018

அன்புள்ள திருமதி ப்ரூயிட் அவர்களுக்கு,

மன்னியுங்கள். கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். டோம்பெக்குக்குக் கோபம். “ஒனக்கென்ன கிறுக்கா? கடைசி நேரத்துல யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?” என்றார். காரணம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, இனி யாரிடமும் சொல்லவும் மாட்டேன். இது சத்தியம்.

புதிதாக ஒன்று எழுதினேன். டயாலிசிஸ் செய்த காலத்தில் பக்கத்து நாற்காலியில் வார்னெல் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருப்பார். நான்கு மணி நேரமும் பேஸ்பால் சண்டைதான். “ஒங்க டீமுக்குப் பந்தக் கண்ணுல காட்டினாலே காய்ச்சல் வந்துரும்” என்று வம்புக்கு இழுப்பார். இரத்த அழுத்தம் குறைந்து எனக்கு மயக்கம் வரும்போது நர்ஸைக் கூப்பிடுவதும் அவர்தான். அவரைப் பற்றித்தான் எழுதினேன். இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அப்போது ஒரு நாளைக்கு நான்கு கோப்பைக்கு மேல் நான் எதுவும் குடிக்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து வந்த முதல் கோடையில், ஒரு ஜாடி எலுமிச்சை ஜூஸை வாசலில் நின்றபடியே குடித்துத் தீர்த்தேன். அம்மா தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே அழுதாள். அந்த ஜாடியை எனக்குத் தந்தது வேட்தான். அவர் எப்படி இறந்திருந்தாலும் அது மாறாது. இதை இரண்டு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

நன்றியுடன்,
பெர்னி


யங்ஸ்டவுன்
பிப்ரவரி 20, 2019

அன்புள்ள திருமதி ப்ரூயிட் அவர்களுக்கு,

சத்தியத்தை மீறிவிட்டேன்.

இரண்டு இடங்களிலிருந்து நேர்காணலுக்கு அழைத்தார்கள். முதலாவது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். எங்களில் ஆறு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, போதையில் திரும்பத் திரும்ப அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டாக்டர்கள் இரண்டு பேர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். எனக்கு எதிரில் இருந்த பையன், “அவங்களாத் தேடிக்கிட்டதுதானே? அவங்களுக்கு எத்தன பண்ணாலும் வேஸ்ட்” என்றான். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை. “எனக்குள்ள இருக்கற கிட்னி அப்படி செத்துப்போன ஒருத்தரோடது. வேஸ்ட்டுன்னு என்னப் பாத்துச் சொல்லு” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். காரில் காத்திருந்த அம்மா, “எப்படிடி போச்சு?” என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

பெர்னி


யங்ஸ்டவுன்
மார்ச் 27, 2019

அன்புள்ள திருமதி ப்ரூயிட் அவர்களுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. புரிகிறது.

நான் வாயைத் திறந்த இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் கிடைத்துவிட்டது. சின்னக் கல்லூரி. அங்கே வார்னெலைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். எட்டு வருடமும் உறுதி. அம்மா சமையலறையில் முழங்காலிட்டு ஜெபித்தாள். எனக்கு உங்கள் நினைவுதான் முதலில் வந்தது.

வரைபடத்தில் பார்த்தேன். அது உங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம். உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பக்கத்தில் வந்து குடியேறுவது சரியில்லை என்று பட்டது. அதனால் எழுதினேன். வீட்டுப் பக்கம் வந்து தொந்தரவு செய்ய மாட்டேன்.

பெர்னி


மில்லர்ஸ் ரன்
ஏப்ரல் 12, 2019

அன்பு பெர்னி,

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. பேருந்தில் என் இருக்கைக்கு அடியில் செருகி வைத்துவிட்டேன். ஐந்து வாரம் அதன் மேல் உட்கார்ந்து வண்டி ஓட்டினேன்.

போன மாதக் கடைசியில் ஓட்டுநர்கள் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். டார்லீன் என்று என்கூட ஓட்டுகிறவள், “என் அக்கா பையன் போயிட்டான் லோர்னா. ஹார்ட் அட்டாக்காம்” என்றாள். பையனுக்கு இருபத்துநாலு வயது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நானும் மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

“வேட் ஆக்சிடென்ட்ல போகல, டார்லீன்” என்றேன்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். “தெரியும்டி. நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்” என்றாள். இரண்டு பேரும் பிற்பகல் நடை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக என் பேருந்து ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

பெரிய மனிதர்கள் முன்னால் ஒரு சின்னப் பெண் என் பிள்ளைக்காகப் பேசினாள். அதற்காக ஓர் இடத்தையும் இழந்தாள். சொந்த வீட்டுக்குள்கூட நான் வாய் திறக்கவில்லை. நீ நன்றி நன்றி என்று எழுதுகிறாய். இந்தத் தடவை நான் சொல்கிறேன். நன்றி, பெர்னி.

இனி அவன் பெயரை யாரிடம் வேண்டுமானாலும் சொல். உன் அம்மாவிடம் முதலில் சொல். என்னை லோர்னா என்றே கூப்பிடு.

நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்துகொண்டு வராமல் இருந்தால் உன்னை விட மாட்டேன். ஆகஸ்டில் கல்லூரிக்கு வந்ததும், முதல் ஞாயிற்றுக்கிழமையே வா. கோழியும் நூடுல்ஸும் குழம்பாக வைத்து, மசித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் தருவேன். உப்பு எவ்வளவு போடலாம் என்று மட்டும் முன்பே எழுது.

இத்தனை வருடமும் எல்லோரும் எந்தச் சாலை, எந்த வண்டி, இருட்டா, மழையா என்று விபத்தைப் பற்றியே கேட்டார்கள். கேட்கக் கேட்க நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் எப்படி இருந்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீ வந்து கேள்.

அன்புடன்,
லோர்னா