ரோக் என்று சொல்லப்போய்

பாலிகஞ்ச், கல்கத்தா
18-1-1987

அன்புள்ள ஜானகிக்கு, அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே அம்மா முழு சௌக்கியம், நான் முக்கால் சௌக்கியம், மீதிக் கால் இடுப்பில் அக்கியாக வந்திருக்கிறது. பயப்படாதே, இறங்கிக்கொண்டிருக்கிறது.

உன் போன கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் எலியை முரட்டு எலியின் கூண்டில் விடுவீர்களாம், அது அடிபட்டு மூலையில் ஒடுங்குமாம், அப்போது அதன் மூளையில் ஒரு ரசாயனம் ஊறி அதற்கென்றே இருக்கும் ரிசெப்டர்களில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், உடனே நோயை எதிர்க்கவேண்டிய அணுக்கள் சோம்பிவிடுமாம், ரிசெப்டரை மருந்தால் அடைத்துவிட்டால் அவ்வளவு சோம்புவதில்லையாம். இதற்கு அமெரிக்காவரை போவானேன், எங்கள் ஆபீசிலேயே இலவசமாகக் காட்டுவார்களே என்றேன். விஷயம் என்னவென்றால், நான் வேலை சொல்லிக்கொடுத்த சீதாராமனை அக்டோபரில் எனக்கு மேலே மானேஜராகப் போட்டுவிட்டார்கள். நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன், அதாவது அவன் ஏறும் லிஃப்டில் ஏறாமல் நாலு மாடி நடந்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டு டிபன் சாப்பிட்டேன், ஒன்றும் வருத்தமில்லை என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொன்னேன். மூன்றாம் மாதம் அக்கி. ஊர் வழக்கப்படி குயவர் காவியால் அக்கி எழுதவேண்டும் என்றாள் அம்மா, இங்கே குயவர் பேட்டையான குமார்டுலியில் துர்க்கைக்குச் சிங்கம் செய்கிறவர்கள் உங்கள் இடுப்பில் ஒரு சிங்கம் போடமாட்டார்களா என்றாள். தப்பித்து மித்ரா டாக்டரிடம் ஓடினேன்.

அங்கேதான் மானம் போயிற்று. வங்காளிகள் ரசகுல்லாவையே ரொஷொகொல்லா ஆக்குகிறவர்கள், ஆகவே அவர்கள் நோயை ரோக் என்பது அசலில் ராக்காகத்தான் இருக்கும் என்று நானாக ஓர் இலக்கணம் போட்டு, ஆமார் ராக் ஹொயேசே டாக்டர்பாபு என்றேன். எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அர்த்தமாம். முப்பது வருஷம் இந்த ஊரில் குப்பை கொட்டிய லட்சணம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கார் ஓபோர், யார் மேல் என்று கேட்டார். தப்பைத் திருத்தத்தான் வாயைத் திறந்தேன், சீதாராமன் மேல் என்று வந்துவிட்டது, அப்புறம் கால் மணி நேரம் நிற்கவில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் களிம்பு எழுதிக்கொடுத்தார். உன் எலி நான்தான், ஜானகி.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். எலிகளுக்கு நாலு பக்கம். கடைசியில் ஓரமாக, இந்தக் குளிரில் மூன்று தடவை ஜுரம், மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள், நான் என் மேஜையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன், ஒன்றும் வருத்தமில்லை என்று இரண்டே வரி. அந்த ஒன்றும் வருத்தமில்லை என்னுடையது, எனக்கு அடையாளம் தெரியும். முதல் தடவை அதைப் படித்தும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுதான் தாங்கவில்லை.

நாளை நான் சீதாராமனோடு லிஃப்டில் ஏறுகிறேன். அம்மா மங்கி கேப் அனுப்புகிறாள், அழகு பார்க்காமல் போட்டுக்கொள். உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்கவேண்டும். எலிகளைப் பற்றி அப்புறம் எழுதலாம், பதிலில் முதல் வரியிலேயே யார் மேல் என்று எழுது.

இப்படிக்கு,
களிம்பு வாசனையோடு உன் அப்பா,
சுந்தரேசன்