ஜெஸீமின் படகுக்கு வழங்கிய சான்றிதழை மீளப்பெறக் கோருதல்

அனுப்புநர்:
ஆ. ஹுஸ்னியா,
கடற்கரை வீதி, மருதமுனை.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கரையோரப் படகுப் பரிசோதனைப் பிரிவு,
கல்முனை.

விடயம்: என் கணவரின் பைபர் படகின் அடியிலுள்ள வெடிப்பு

மதிப்புக்குரிய ஐயா,

1. என் கணவர் ஜெஸீம் சொந்தப் படகில் மீன்பிடிப்பவர். என் தம்பி சரீபும் அதே படகில்தான் போகிறான். நான் கைத்தறி நெய்பவள். படகு விடயத்தில் நான் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டபடியால் தங்களிடம் வந்திருக்கிறேன்.

2. கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு முன் படகுகளுக்குப் புதிதாக வர்ணம் பூசுவது எங்கள் வழமை. பழைய பூச்சை யாரும் சுரண்டுவதில்லை. அதன் மேலேயே பூசிவிடுவார்கள். எங்கள் படகிலும் பல வருடப் பூச்சு ஏறிக் கிடக்கிறது. கொடியேற்றம் முடிந்த கையோடுதான் தங்கள் அலுவலர் வந்தார். மணலில் புதுமாப்பிள்ளை போல நின்ற படகைத் தட்டிப் பார்த்து, கடலுக்கு உகந்தது என ஒப்பமிட்டார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அன்று எனக்கும் அது நல்ல படகாகவே தெரிந்தது.

3. கடலில் இறக்கியது முதல் உள்ளே தண்ணீர் ஏறுகிறது. முன்பக்கத்தில் தண்ணீர் தெரிவதால் கணவர் முன்பக்கத்தையே மாறி மாறி ஒட்டுகிறார். அந்த ஒட்டு படகைப் பிடிக்காமல் பூச்சைப் பிடிக்கிறது. சில நாளில் பூச்சோடு சேர்ந்து உரிந்து வருகிறது. சரீப் வலையை விட்டுவிட்டுத் தண்ணீர் இறைப்பதே தொழிலாகக் கிடக்கிறான்.

4. வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. போன வெள்ளி படகு கட்டைகளின் மேல் நின்றது. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போனதும், தறிக்கு வைத்திருந்த சிவப்புச் சாயத்தைக் கரைத்து, சரீபின் மனைவி அப்னாவும் நானும் குடம் குடமாக உள்ளே ஊற்றினோம். முன்பக்கத்தின் அடி காய்ந்தே இருந்தது. பின்னால், இயந்திரம் பூட்டும் இடத்துக்குக் கீழே சிவப்பாகச் சொட்டியது. நகத்தால் சுரண்டினேன். பூச்சு கழன்று, கை நீளத்துக்கு வெடிப்பு தெரிந்தது. அப்னா மணலில் உட்கார்ந்து அழுதாள்.

5. பாண்டிருப்பில் பைபர் வேலை செய்யும் நேசராசா அண்ணனைக் கூட்டிவந்து காட்டினோம். பூச்சு முழுவதையும் சுரண்டி, ஈரம் காயவிட்டு, உள்ளும் புறமும் புதிதாகப் பைபர் போட வேண்டும், அதுவரை இறக்கக் கூடாது என்றார். மீன் படும் நேரத்தில் படகை மணலில் வைக்கக் கணவருக்கு மனமில்லை. வெடிப்பின் மேலும் ஓர் ஒட்டு ஒட்டி வர்ணம் பூசிவிட்டார். நான் தடுத்தபோது, "கடலுக்குப் போகலாம் எண்டு ஐயாமாரே எழுதித் தந்திருக்காங்க. நீ என்ன புள்ள, அவங்களுக்கு மேலயா?" என்று கேட்டார்.

6. ஐயா, நான் உதவிப் பணம் கேட்கவில்லை. படகைக் கட்டையில் ஏற்றி, பின்பக்கப் பூச்சைச் சுரண்டிப் பார்க்கும்படி மன்றாடுகிறேன். வர நேரமில்லையெனில், திருத்தும்வரை இறக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். என் கணவர் கடலுக்குப் பயப்படாதவர். அரசாங்கக் கடதாசிக்குப் பயப்படுகிறவர். நான் அழுதும் நிற்கவில்லை. தாங்கள் எழுதினால் நிற்பார்.

7. இதைத் தங்கள் அலுவலக வாசலில் இருந்து எழுதுகிறேன். இருவரும் விடியவே போய்விட்டார்கள். சரீப் இன்று இன்னொரு வாளியும் வேண்டுமென்று கேட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஆ. ஹுஸ்னியா

இடம்: கல்முனை
திகதி: 2025.04.22